வலையில் சிக்கிய விமானப் புரொப்பல்லர்

மும்பை சசூன் டாக்கில் ஐஸ் வியாபாரம் செய்யும் என் மச்சான் மகன் போன் செய்தான். "மாமா, ட்ராலர் வலையில கப்பல் விசிறி ஒண்ணு மாட்டிருக்கு. எடைக்குப் போடப் போறாங்க, சீக்கிரம் வாங்க." விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவான்.

கப்பல் விசிறி பெரும்பாலும் வெண்கலம். பிளேடு குட்டையாக, அகலமாக இருக்கும். இது நீளமான மூன்று அலுமினிய பிளேடுகள், நடுவில் இரும்பு ஹப். விமானத்துடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போலீசில் தகவல் எழுதிக் கொடுத்தோம். அதனால் பழைய இரும்புக்காரர் கோபித்துக்கொண்டு போனார். அவர் கணக்கில் அது வெறும் அலுமினியம்.

முதல் வேலை, அதைக் காயவிடாமல் வைத்திருப்பது. உள்ளே ஊறிய உப்பு காய்ந்தால் உலோகம் பொடிப்பொடியாக உதிரும். போதாக்குறைக்கு இரும்பும் அலுமினியமும் கடல்நீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். மீன் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி ஹப்பை அமிழ்த்தினோம், பிளேடுகளை ஈரச் சாக்கால் மூடினோம், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

கம்பி பிரஷ்ஷோடு ஒருவர் கிளம்பினார், தடுத்துவிட்டேன். குத்திய எண்கள் ஆழமில்லாதவை. மூங்கில் சிம்பாலும் பல் பிரஷ்ஷாலும், ஒட்டி வளர்ந்த கடல் உயிரியான கொட்டலசைச் சுரண்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் ஹப்பில் தெரிந்தது: 23E50. ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் ஹைட்ரோமேட்டிக் வகை புரொப்பல்லர். அதில் 3 பிளேடு எண்ணிக்கை, E பிளேடின் அடிப்பகுதி அளவு, 50 எஞ்சின் தண்டின் ஸ்பிளைன், அதாவது பல்வரி அளவு.

"அப்போ போர் விமானமா மாமா?" என்றான் பையன். அங்கேதான் சிக்கல். இந்த வகை டகோட்டா போக்குவரத்து விமானத்திலும் உண்டு, பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்திலும் உண்டு. டகோட்டா என்றாலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விழுந்தது என்று சொல்ல முடியாது. போர் முடிந்து மிஞ்சிய டகோட்டாக்களை வாங்கித்தான் நம் ஊர்க் கம்பெனிகள் பல வருஷம் பயணிகளை ஏற்றின.

இரண்டு பிளேடுகள் பின்பக்கமாக வளைந்திருந்தன. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது மோதினால் நுனி பெரும்பாலும் முன்பக்கம் சுருளும். ஆனால் ட்ராலர் கயிறு இழுத்தும் வளைந்திருக்கலாம் என்பதால் அதை நான் சாட்சியாக எடுக்கவில்லை. எந்த விமானம் என்று சொல்ல எஞ்சினோ பெயர்த் தகடோ கிடைக்க வேண்டும்.

வலை மாட்டிய இடம் படகை ஓட்டும் தண்டேலின் ஜிபிஎஸ்ஸில் பதிவாகியிருக்கிறது. அதை மட்டும் அவர் காட்ட மாட்டேன் என்கிறார். அங்கே மீன் நன்றாகப் படுகிறதாம்.