கிமோனோவில் முதலில் பூவைப் பாருங்கள்

பட்டுச்சேலை எடுக்கப் போனால் நிறம் பார்ப்போம், ஜரிகை பார்ப்போம். மாங்காயும் மயிலும் எந்த மாதத்துக்கும் ஆகும். ஜப்பானில் ஏப்ரலில் நடக்கும் பிள்ளையின் பள்ளி நுழைவு விழாவுக்குக் கிமோனோ தேடும்போது அந்தக் கணக்கு செல்லாது. என்ன பூ, எந்த மாதம் என்பதுதான் முதல் கேள்வி.

இது ஹெய்யான் காலத்து (794–1185) அரண்மனை வழக்கம். பெண்கள் அடுக்கடுக்காக உடுத்திய உடைகளின் நிறச்சேர்க்கைகளுக்கே செடிகொடிகளின் பெயர்கள்தான். அந்த ஜூனிஹிதோஏ உடையை 2019 அக்டோபர் 22 அன்று அரியணை விழாவில் பேரரசி மசாகோ அணிந்திருந்தார். நேரில் பார்க்க வேண்டுமானால் கியோட்டோவில் மே 15 அன்று அஓய் திருவிழா. மழை வந்தால் மறுநாள்.

கடையில் நமக்குக் கிடைக்கும் அரண்மனைச் சாயல், கோஷோதோகி என்னும் எடோ காலத்து (1603–1868) அலங்காரம். ஓடை, பைன், செவ்வந்தி, சுள்ளி வேலி. நடுவில் ஒரு மாட்டுவண்டியோ விசிறியோ கிடக்கும். மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். தெரிந்தவர்களுக்கு அந்த வண்டியே, ஹெய்யான் அரண்மனை வாழ்வைச் சொல்லும் 'கெஞ்சி கதை' என்ற நாவலை நினைவூட்டிவிடும். நான்கு பருவப் பூக்களும் கலந்திருக்கும் துணியாகப் பார்த்து வாங்கினால் மாதக் கவலை இல்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

கிளையோடு வரைந்த சகுரா (செர்ரிப் பூ) அப்படியல்ல. மரம் பூக்கும் முன்பே உடுத்த வேண்டும். பூத்துக் குலுங்கும்போது உடுத்தினால் அசல் பூவோடு போட்டி போடுவதாக நினைப்பார்கள். இதழ் மட்டும் தனியாகவோ மற்றப் பூக்களோடு கலந்தோ இருந்தால் தடையில்லை. இலையுதிர்காலப் புற்களை ஜூலை, ஆகஸ்டிலேயே உடுத்துவார்கள், பார்க்கவே குளிர்ச்சி என்று.

பூ சரியாக இருந்தும் துணியில் ஏமாறுபவர்கள் உண்டு. அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலை, ஆகஸ்டில் 'ரோ' போன்ற சல்லடை நெசவு என்பது முறை. (இப்போதைய வெயிலில் மே மாதமே பலர் உள்துணியை விட்டுவிடுகிறார்கள்.) பழைய கிமோனோக் கடையில் மலிவாகக் கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வரிவரியாக ஒளி தெரிந்தால் அது ரோ. ஏப்ரல் விழாவுக்கு ஆகாது.

பழையதில் உயரம் பெரிய சிக்கல் இல்லை, இடுப்பு மடிப்பில் சரிக்கட்டலாம். கைதான் குட்டையாக இருக்கும். கையைச் சற்றுச் சாய்வாக நீட்டி, பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு எலும்பு வரை அளந்துகொண்டு போங்கள். உள்ளே மடித்த துணி இருந்தால் பிரித்து நீட்டலாம். ஆனால் வெளிப்புறம் வெளுத்திருந்தால் பழைய தையல் இருந்த இடம் கோடாகத் தெரியும்.