சார் வரலையா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஸ்கூட்டரில் போகப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், எங்கள் தெருவே ஆலோசனைக் குழுவாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா மிளகாய்ப்பொடிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். மாடிவீட்டுப் பெரியவர், "ஆறு மணிக்கு மேல வண்டியத் தொடாதம்மா" என்றார். சித்தி போனில், "செயினு, வளையல் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுப் போ" என்று ஆரம்பித்து, "தாலிய மட்டும் வெளிய தெரியுற மாதிரி போட்டுக்கோ" என்று முடித்தார். தங்கத்தைக் கழற்றினால் திருடனிடமிருந்து தப்பலாம், தாலியைக் காட்டினால் மற்ற எல்லாரிடமிருந்தும் தப்பலாம் என்பது அவர் கணக்கு. தாலியும் தங்கம்தானே என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பிரேக் பிடிக்கிறதா, பின் டயர் தேய்ந்திருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மெக்கானிக் பையன் மட்டும் கேட்டான். அவனுக்கு அதில் வருமானம் இருந்தது.

என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர் ரொம்ப நல்லவர், ஆனால் தெருமுனை தாண்டினாலே வீட்டு ஞாபகம் வந்துவிடும். நான் ஊர் சுற்றுவதில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது, தன்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். இப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியும் என்பதை மானாமதுரையில் ஒருவருக்கும், பரமக்குடியில் இரண்டு பேருக்கும் விளக்கிப் பார்த்தேன். நம்பவில்லை. "சார் வரலையா?" என்ற கேள்விக்கு "வரலை" என்று பதில் சொன்னால், அடுத்து ஒரு சோகக்கதை வரும் என்று காத்திருக்கிறார்கள். கதை வராவிட்டால் அவர்களே ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்.

சாலை ஓரத்தில் ஆண் வண்டியை நிறுத்தினால் ஓய்வு; பெண் நிறுத்தினால் ரிப்பேர். சீமைக்கருவேல நிழலில் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில் மூன்று வண்டிகள் நின்றன. எல்லாரும் உதவத்தான் வந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். "வண்டி நல்லா இருக்குண்ணே, எனக்குத்தான் தாகம்" என்றேன். அதில் ஒருவர் அப்படியும் மனசு கேட்காமல், சைடு ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சின்னப் பையன், பின்னால் மனைவி, மனைவி மடியில் ஒரு கைக்குழந்தை. கிளம்பும்போது அவர் சொன்னது: "தனியா வராதீங்கம்மா, ரிஸ்க்கு."

பாம்பன் வந்தது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டிலிருந்து அறைந்தது. மிகைப்படுத்தவில்லை, அறைதான். ஸ்கூட்டர் நான் சொன்ன பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்கு ஓரடி இடப்பக்கம் நகர்ந்தது. கீழே பக்கத்திலேயே ரயில் பாலங்கள் தெரிந்தன: 1914-இல் கட்டிய பழையதும், 2025 ஏப்ரலில் திறந்த புதியதும். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயிலை நிறுத்திவிடுவார்கள். அத்தனை டன் எடையுள்ள ரயிலுக்கே அப்படி. நூற்றுப்பத்து சிசி ஸ்கூட்டருக்கு யாரும் சிக்னல் வைக்கவில்லை. போதாக்குறைக்கு நடுப்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, கதவை ரோட்டுப் பக்கம் திறந்து வைத்து, குடும்பம் குடும்பமாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அப்பா தன் குழந்தையைக் கைப்பிடிச் சுவர் மேல் உட்காரவைத்து, "சிரி, சிரி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் முதல் தடவையாகப் பயந்தது அங்கேதான். என் தெருக்காரர்கள் சொல்லி அனுப்பிய பட்டியலில் காற்றும் இல்லை, கார் கதவும் இல்லை, அந்த அப்பாவும் இல்லை.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வேட்டை. பெயர் வேண்டாம், கோயிலுக்குக் கிட்டே ஒன்று. ரூம் இருந்தது, சாவிகள் பலகையில் வரிசையாகத் தொங்கின. வரவேற்பில் இருந்தவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா?"

"வரலை."

"சிங்கிளுக்கு ரூம் குடுக்கிறதில்லைம்மா."

கோயில் ஊர்களில் இது பழகிப்போன வாசகம்தான். ஆதார், ஓட்டுநர் உரிமம், அலுவலக அடையாள அட்டை எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். சீட்டாட்டத்தில் நல்ல கை விழுந்தவள் போல நின்றேன், அவர் தொடக்கூட இல்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை என்று சொன்னதை எடுத்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கு அது. ஜோடிக்கே தடையில்லை என்றால் ஒற்றை ஆளுக்கு எங்கிருந்து தடை வந்தது?

அவர் பொறுமையாகக் கேட்டார். "கோர்ட்டு சென்னையில இருக்கும்மா. ஸ்டேஷன் அடுத்த தெருவுல இருக்கு."

அதற்குள் இன்னொருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும், நரைத்த தாடி, தோளில் ஒரு மஞ்சள் பை. அம்மாவுக்குத் திதி கொடுக்க வந்திருக்கிறார், காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுக வேண்டும். அவருக்கும் அதே பதில். பெண் தனியாக வந்தால் ஒரு சந்தேகம், ஆண் தனியாக வந்தால் வேறு சந்தேகம். ரூமுக்குள் போய் ஏதாவது பண்ணிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. எந்த லாட்ஜ்காரரைக் கேட்டாலும் அப்படி ஒரு காலை நேரத்தைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். கதவை உடைத்தது, விசாரணை, மாதக்கணக்கில் ஸ்டேஷனுக்கு நடந்தது. லாட்ஜ்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திதி கொடுக்க வருகிறவர் துக்கத்தோடு, தனியாகத்தானே வருவார் என்று மட்டும் கேட்டேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருந்தா ஃபேமிலி ரூம் போட்டுக் குடுத்திருப்பேன்" என்றார்.

தாடிக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்து லாட்ஜ்காரருக்கும் தான் சொன்னது உறைத்து, அவரும் சிரித்தார். முன்பின் தெரியாத இருவர் ஒரே அறையில் தங்கினால் பாதுகாப்பு, தனித்தனி அறையில் தங்கினால் ஆபத்து!

சிரிப்பு கொஞ்சம் இளக்கியது. "சரி, வீட்டுல சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும்" என்றார். போன் போட்டேன். கிரிக்கெட் நேரம், மூன்றாவது தடவைதான் எடுத்தார். லாட்ஜ்காரர் விஷயத்தைச் சொல்ல, ஸ்பீக்கரில் என் கணவர் குரல்: "ரூம் குடுத்துருங்கண்ணே, இல்லேன்னா ராத்திரி முழுக்க எனக்குப் போன் பண்ணித் திட்டுவாங்க." சாவி கைக்கு வந்தது. அந்தக் குரல் என் கணவருடையதுதானா, அண்ணனுடையதா, மெக்கானிக் பையனுடையதா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஆதாரில் விரல் ரேகை, கண் விழி எல்லாம் எடுத்திருக்கிறார்கள். ஓர் ஆண்குரலை எடுக்க மறந்துவிட்டார்கள். தாடிக்காரர் தன் மகளுக்குப் போன் போட்டார். பெண்குரல் போதவில்லை, மருமகன் பேசியபின் கிடைத்தது.

மறுநாள் தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் ஜீப் சவாரி தேவையில்லை, நேரே போய்விடலாம். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் ஒரு ரயிலையே நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கொண்டுபோனது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம், எல்லாம் ஒரே டிக்கெட்டில். புயலுக்குப்பின் ஊர் மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. வறுத்த மீன் விற்ற அம்மாவிடம் இங்கே இருக்கப் பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தா மீனு தானா வந்து சட்டியில விழுமா?" என்று எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வைத்தார்.

திரும்பும் வழியில் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் நிறுத்தினேன். மணலில் கடல்பாசி காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊர்ப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி பறிப்பவர்கள். ஆக்சிஜன் சிலிண்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சேலைமேல் ஓர் ஆண் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. இடுப்பில் கட்டிய பை நிறைய நிறைய மேலே வந்து, மறுபடி முங்க வேண்டும். நாம் ஜெல்லி, ஐஸ்கிரீம் என்று சாப்பிடுவதில் இந்தப் பாசிக்கும் பங்குண்டு. 1986-இல் அந்த வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவில் அடங்கிவிட்டதால், ஜெல்லிமீனோடு வனத்துறைக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. பாசியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் விரல்நுனிகள் முழுக்கக் கீறல், பழசும் புதுசுமாக.

"தனியாவா வந்தீக? பயமா இல்லையா?" என்று அவர் என்னைக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவருக்கு மெயின் ரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது, ஃப்ரீ பஸ் பிடிக்க. ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். உதிரி ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன், பெரிசாக இருந்தது, மூக்குவரை இறங்கியது. வண்டி இருபத்தைந்தைத் தொடுவதற்குள் என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார். "மெல்ல போங்க தாயி! எனக்குப் பிள்ளைக இருக்கு!" பதினைந்துக்குக் குறைத்தேன். அதற்கும் கத்தினார். சைக்கிளில் போன ஒரு பையன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனான்.

மெயின் ரோட்டில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினார். வண்டியை ஒருதடவை, என்னை ஒருதடவை பார்த்தார்.

"மதுரையில இருந்து இதுலயா வந்தீக? உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி கித்தி இருக்கா?"