எம்டன் 1/350: நாலாவது புகைபோக்கி ஒருவழியாக நின்றது

மூன்று வாரம், நாலு முயற்சி. முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை 350-இல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன்; அதன் பொய்ப் புகைபோக்கி நேற்று ராத்திரி நின்றுவிட்டது. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். சரியவில்லை, சுருங்கவில்லை. சந்தோஷத்தில் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உடல் பாகம் ஒட்டியது, புட்டி போட்டுத் தேய்த்தது எல்லாம் வழக்கம்போல்தான். 118 மீட்டர் கப்பல் இந்த அளவில் 338 மில்லிமீட்டர், மேஜையில் தாராளமாக அடங்குகிறது.

சென்னையில் எம்டன் என்றாலே 1914 செப்டம்பர் 22 ராத்திரிதான். எம்டன் குண்டு வீசி பர்மா ஆயில் டாங்குகள் எரிந்தது, ஐகோர்ட் சுவரில் பதித்திருக்கும் கல். நானும் அந்த ராத்திரியைத்தான் செய்ய இருந்தேன். மனசை மாற்றியது மலாயாவின் பினாங்கு. அக்டோபர் 28 விடியற்காலை. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று, பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத்துக்கு நாலு. யார்மவுத் மாதிரி தெரிய, கட்டையும் கித்தானும் வைத்து இன்னொன்றைக் கட்டி நிறுத்திக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். டார்பிடோ விடுவதற்கு முன்னால் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஜெர்மன் கொடியை ஏற்றச் சொன்னார். ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் மூழ்கியது. கொடி ஏறிவிட்டது, நாலாவது புகைபோக்கி இன்னும் இறங்கவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு வேண்டும்.

பாகங்கள் அடங்கிய மாடல் கிட்டில் மூன்றுதான் வரும். நாலாவதை நாமே செய்ய வேண்டும். முதலில் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருட்டினேன். உருவம் அச்சாக வந்தது, ஆனால் தகரம் மாதிரி இருந்தது. இது துணி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதுதானே விஷயமே! அடுத்து பழைய கைக்குட்டை. அதில் ஒரு நூல் 0.2 மில்லிமீட்டர் என்றால் நிஜக் கப்பலில் 7 சென்டிமீட்டர் வடக்கயிறு. தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது, புதுச் சட்டைப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாள். மோட்டார் காயிலில் இருந்து உருவிய செப்புக் கம்பியில் சட்டம் செய்து, ஃபெவிக்காலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தாளைச் சுற்றினேன். மடிப்பும் தொய்வும் அசல் கித்தான்! ஆனால் பசை காயக் காயத் தாள் இறுகி, கம்பியை உள்ளே இழுத்துவிட்டது. மறுநாள் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை மாதிரி நின்றது.

அசலில் சட்டம் மரம்தானே என்று அப்புறம்தான் உறைத்தது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளை எடுத்து, புது பிளேடால் நெடுக்காகப் பிளந்தேன். மூங்கில் நார் கோணாமல் பிளக்கிறது, பொறுமையாகச் செய்தால் 0.4 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். எட்டு சிம்பு, மேலே ஒரு வளையம், கீழே ஒன்று. பசையில் தண்ணீரைக் குறைத்தேன். தாளை இறுக்கிச் சுற்றாமல், ஒரு சிம்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் தளர்வாக விட்டேன். அந்தத் தளர்வுதான் சூட்சுமம். இறுகும்போது அது சரியாக நேராகி நின்றுகொண்டது. இப்போது பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் உள்ளே சிம்பு நிழலாகத் தெரிகிறது. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அசலில் இந்த வேலையை முன்னின்று செய்தவர் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கெ. கையில் இருந்ததை வைத்து, நடுக்கடலில். அந்த மனுஷன் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவில் அவர் கரையில் இறங்கியிருந்தபோதுதான் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனைச் சுட்டுத் தீர்த்தது. அவர் அங்கே கிடந்த ஆயிஷா என்ற மூன்று பாய்மரக் கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தப்பி, கடல் தாண்டி, அரேபியா தாண்டி, 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்தார். அடுத்து ஆயிஷாவைத்தான் செய்யப் போகிறேன். பாய்களுக்கு இதே தாள். பாரிமுனையில் கட்டாக வாங்கினால் மலிவு, ஆனால் பட்டத் தாளைத் தந்துவிடுவார்கள், விரலால் கசக்கிப் பார்த்து வாங்குங்கள்.

எம்டனிலேயே இன்னும் பத்து பீரங்கி பாக்கி. 10.5 சென்டிமீட்டர் பீரங்கியின் குழல் இந்த அளவில் 12 மில்லிமீட்டர். கிட்டில் வருவது தீக்குச்சி மாதிரி தடியாக இருக்கிறது. 25 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசியை வெட்டிப் பார்க்கிறேன். பிளேடு பட்டால் துளை நசுங்குகிறது, அரத்தால் சுற்றிக் கீறி ஒடித்தால் நிற்கிறது. இதுவரை இரண்டு தேறியிருக்கிறது.