போகஸைப் பிடித்துவிட்டு ப்ரேமைத் திருப்புவது

மணமேடையில் எடுத்த குளோசப் படங்கள் கேமராத் திரையில் ஷார்ப்பாகவே தெரியும். ஆல்பத்துக்காக கம்ப்யூட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கும்போதுதான் வில்லங்கம் வெளிப்படும்: பெண்ணின் ஜிமிக்கியில் முத்துகளை எண்ணிவிடலாம், கண்ணிமை மட்டும் சாஃப்டாக இருக்கும். உடனே லென்ஸைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுவோர் உண்டு. பெரும்பாலும் லென்ஸ் நிரபராதி. போகஸ் பிடிக்கும் நடுப் புள்ளியைக் கண்ணில் வைத்து, ஷட்டரைப் பாதி அழுத்தி போகஸைப் பூட்டி, அப்படியே கேமராவைச் சாய்த்து ப்ரேம் வைக்கும் பழக்கம்தான் காரணம்.

ஷார்ப்பாக விழும் இடம் சென்சாருக்கு (படத்தைப் பதியும் சில்லுக்கு) இணையான ஒரு தளம். கேமரா திரும்பினால் தளமும் திரும்பும். முன்பு அதன்மேல் இருந்த கண் இப்போது தளத்துக்கு முன்னால் நிற்கும். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 1.8, ஆள் 1 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை ப்ரேமின் மேல்பகுதிக்குக் கொண்டுபோக 13 டிகிரி சாய்த்தால் பிசகு சுமார் 2.6 செ.மீ. அந்தத் தூரத்தில் தளத்துக்கு முன்னால் ஷார்ப்பாகத் தெரியும் ஆழமே 2 செ.மீ.தான். கண் போய், காது தெளிவது இதனால்தான். 3 மீட்டர் தள்ளி நின்றால் பிசகு 8 செ.மீ. ஆகும், ஆனால் ஆழம் 18 செ.மீ. வரை விரிந்து அதை விழுங்கிவிடும். ஆக, முழு உருவத்துக்கும் அரை உருவத்துக்கும் தாராளமாகத் திருப்பலாம். முகம் மட்டும் என்றால் கேமராவின் பின்னால் இருக்கும் ஜாய்ஸ்டிக்கால் போகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துவது நல்லது. அதற்கு நேரமில்லையா, கேமராவைச் சாய்க்காமல் முழங்காலை மடக்கி உடம்போடு இறங்குங்கள், தளம் அசையாது.

பழைய டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்களில்) இந்தப் பழக்கம் வந்ததற்கு நியாயம் இருந்தது. கேனான் 5டி மார்க் 2-இல் இருந்த 9 புள்ளிகளில் நடுப் புள்ளி மட்டுமே நெடுக்கும் குறுக்குமான கோடுகள் இரண்டையும் பார்க்கும் கிராஸ் வகை. மற்றவை ஒரு திசைக் கோடுகளைத்தான் பார்க்கும். ஹோமப் புகையிலும் மங்கலான மண்டப வெளிச்சத்திலும் தடுமாறும். அங்கே நடுப் புள்ளிதான் கதி. அதையும் வெறும் வெள்ளை வேட்டியில் வைத்தால் பிடிக்காது, ஜரிகைக் கரையில் வைத்தால் டக்கென்று பிடிக்கும். அப்பர்ச்சரை எஃப் 2.8 அல்லது 4-க்குக் குறுக்கிக்கொண்டால் நிம்மதி.

போகஸ் மோடிலும் ஒரு கண் வேண்டும். ஒருமுறை பிடித்துப் பூட்டும் ஒன் ஷாட் அல்லது ஏஎஃப்-எஸ் இல்லாமல், விடாமல் போகஸைத் திருத்தும் ஏஐ செர்வோ, ஏஎஃப்-சி-யில் பாதி அழுத்தித் திருப்பினால், போகஸ் பின்னாலிருக்கும் பூ அலங்காரத்துக்குத் தாவிவிடும். கேமராவின் பின்னால் கட்டைவிரலுக்கு எட்டும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு போகஸை ஒதுக்கி, ஷட்டரிலிருந்து அதை மெனுவில் நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை: கட்டைவிரலை எடுத்தால் போகஸ் நிற்கும், வைத்தால் தொடரும். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோர் தலையும் ஆடும். பிடித்துத் திருப்பும் வேலையே அப்போது ஆகாது, விரலை எடுக்காமல் தொடர வேண்டியதுதான்.

எக்ஸ்போஷர் இன்னொரு பொறி. கேனானில் எவாலுவேட்டிவ் மீட்டரிங்கோடு (ப்ரேம் முழுவதன் வெளிச்சத்தையும் அளக்கும் முறை) ஒன் ஷாட்டில் பாதி அழுத்தினால் வெளிச்ச அளவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்; நிக்கானில் வழக்கமான செட்டிங்கில் பூட்டாது. இரண்டு கம்பெனி கேமராவையும் மாற்றி மாற்றிக் கையாள்பவர்கள் எக்ஸ்போஷரை மேனுவலில் வைத்துவிடுவதே உத்தமம்.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வந்தபின் கேமரா கண்ணைத் தானே கண்டுபிடிக்கிறது என்றாலும், கண்மூடித்தனமாக நம்பக்கூடாது. மேடையில் போகஸ் விழும் இடத்தைத் திரையில் காட்டும் பெட்டி, பின்வரிசை மாமாவின் முகத்துக்குத் தாவுவது சகஜம். ட்ராக்கிங்கில் (ஆளைத் தொடரும் மோடில்) புள்ளியைப் பெண்ணின் முகத்தில் வைத்துத் தொடங்கி, பிறகு ப்ரேமைத் திருப்பினால் பெட்டி கூடவே நகரும். கேமரா விடாமல் போகஸைத் திருத்திக்கொண்டே இருப்பதால் மேலே சொன்ன பிசகும் இல்லை. பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்தினால் போதும்.

சென்னையில் இன்னொரு சங்கடம்: விடியற்காலை ஏசி காரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரையில் இறங்கியதும் லென்ஸில் பனி படரும். கான்ட்ராஸ்ட் செத்துப்போவதால் போகஸ் முன்னும் பின்னும் அலையும். துடைத்தால் மறுபடி படரும். கடற்கரையை நெருங்குவதற்கு முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.