இங்கிலாந்தின் ஏரி நாட்டில் (லேக் டிஸ்ட்ரிக்ட்) மோட்டார்ஹோம் பயணம்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 14, கெசிக்

மான்செஸ்டரிலிருந்து காலையில் கிளம்பி, எம்6 சாலையில் பென்ரித் வரை வந்து, ஏ66-இல் மேற்கே திரும்பினோம். வலப்பக்கம் ப்ளென்காத்ரா மலை தெரிந்ததும் என் கணவர் தானாகவே வேகத்தைக் குறைத்துவிட்டார். வாடகை வண்டி, ஆறு மீட்டர் நீளம். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் என்பதால் கார் உரிமமே போதும்.

டெர்வென்ட்வாட்டர் கரையிலேயே எங்கள் கேம்ப் சைட். வந்து நின்றதும் முதல் வேலை வண்டியைச் சமமாக நிறுத்துவது. சக்கரத்துக்கு அடியில் சரிவுக் கட்டைகளை வைத்து, நான் உள்ளே மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, அவர் அங்குலம் அங்குலமாக ஏற்றினார். அப்புறம் கரண்ட் வயரை மாட்டி, கேஸைத் திறந்து, தண்ணீர் நிரப்பினோம்.

தொட்டி நூறு லிட்டர்தான். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க எல்லாம் அதற்குள். கழுவிய தண்ணீர் வண்டிக்கு அடியில் இன்னொரு தொட்டியில் சேரும், அதையும் நாமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கழிப்பறைப் பெட்டி அவர் பொறுப்பு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக முடித்துவிடுகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் சூரியன் மறைந்தது. புளிக்குழம்பும் அப்பளமும். கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். எதிரே கேட்பெல்ஸ் மலைமேல் வெயில் நெடுநேரம் இருந்தது.

ஜூன் 15, கெசிக்

மழை, நாள் முழுக்க. தகரக் கூரைமேல் கேட்பதுபோல வண்டிக்குள் சத்தம்.

இங்கிருந்து சில மைல் தெற்கே, பாரோடேல் பள்ளத்தாக்கின் கடைசியில் சீத்வெயிட் என்றொரு சிற்றூர். இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களிலேயே மழை மிக அதிகமாகப் பெய்யும் ஊர் என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். எங்கள் சேலம் பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தாலே நல்ல வருஷம் என்போம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து கொட்டிவிடுகிறது. மலையின் உயரம் அதிகமில்லை. இங்கிலாந்திலேயே பெரிய மலையான ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான், நம் ஏற்காடு அதைவிட உயரம். ஆனால் கடல் பக்கத்தில் இருக்கிறது.

பென்சிலும் இந்தச் சீத்வெயிட் மலையிலிருந்து வந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. முதலில் அதை வைத்து ஆடுகளுக்கு அடையாளம் போட்டிருக்கிறார்கள். அப்புறம் பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்குப் பூசப் பயன்பட்டதால் விலை ஏறி, சுரங்கத்துக்குக் காவல் போடும் அளவுக்குப் போயிருக்கிறது. கெசிக் பென்சில் அருங்காட்சியகத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நிறைய.

ஜூன் 16, கெசிக்

வண்டியை நிறுத்திவிட்டு 555 பஸ்ஸில் கிராஸ்மியர் போனோம். மாடியில் முன் இருக்கை கிடைத்தது. இந்த வழியில் கல்வேலிகளுக்கு மேலே தெரிய வேண்டுமென்றால் மாடி பஸ்தான் சரி.

வழியில் தேர்ல்மியர். நான் பார்க்க வேண்டும் என்று வந்த ஏரிகளில் ஒன்று. ஏனென்றால் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது இங்கத்தித் தண்ணீர். பஞ்சாலை ஊரான மான்செஸ்டர் தண்ணீருக்குத் தவித்த காலத்தில், இங்கிருந்த சிறிய ஏரியின் வாயில் அணை கட்டி நீரைத் தேக்கினார்கள். 1894-இல் தண்ணீர் மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தது. 96 மைல் தூரம். பம்ப் கிடையாது. மைலுக்கு 20 அங்குலம் என்ற கணக்கில் இறக்கம் கொடுத்து, மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கில் குழாய் போட்டும், தானாகவே ஓட விட்டிருக்கிறார்கள். இன்றும் ஓடுகிறது. அவர் சிவில் இன்ஜினியர். அந்த 20 அங்குலத்தைப் பற்றிக் கிராஸ்மியர் வரும் வரை பேசிக்கொண்டே வந்தார்.

இதை எதிர்த்தும் பெரிய போராட்டம் நடந்தது. எதிர்த்தவர்களில் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியார் பிறகு 1895-இல், நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அணையை நிறுத்த முடியவில்லை. ஆனால் மற்ற ஏரிகளின் கரைகளில் பல இன்று பொதுச் சொத்தாக இருப்பதில் அந்தத் தோல்விக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கிராஸ்மியரில் தேவாலயத்தை ஒட்டிய குட்டிக் கடையில் இஞ்சி ரொட்டி வாங்கினோம். 1854-லிருந்து செய்கிறார்களாம். மொறுமொறுப்பு, நல்ல காரம். இஞ்சி மொரப்பா பிடித்தவர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

ஜூன் 17, கெசிக்

ஹானிஸ்டர் கணவாய் வழியாக பட்டர்மியர். இன்றும் பஸ்தான். சில இடங்களில் நாலுக்கு ஒன்று ஏற்றம், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஓடை. பஸ் டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் ஏற்றினார். ஏரியைச் சுற்றி நடக்க ஒரு முற்பகல் போதும், ஒரு பக்கம் மரங்களுக்கு அடியிலேயே பாதை.

இன்று மனத்தில் நிற்பது ஒரு ஆடு. ஹெர்ட்விக் ஆடுகளை இங்கே எங்கும் பார்க்கலாம். குட்டி பிறக்கும்போது கறுப்பு. ஒரு வயதில் சாக்லேட் நிறம், வயதாக ஆகச் சாம்பல். முகம் மட்டும் உறைபனி படிந்ததுபோல வெள்ளை. கல்வேலி ஓரத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தாய் ஆடு கை எட்டும் தூரத்தில் வந்து நின்றது. ரோமத்தில் மழைத்துளி அப்படியே உருண்டு நின்றது, உள்ளே இறங்கவில்லை. முரட்டு ரோமம். ஸ்வெட்டருக்கு ஆகாது, கம்பளத்துக்குத்தான் ஆகும். தோளில் சிவப்புச் சாயக் கோடு, எந்தப் பண்ணை என்பதற்கு. பின்னால் கறுப்புக் குட்டி, தாய் மேய்ந்த இடத்திலேயே மேய்ந்துகொண்டு.

அந்த மேய்ச்சலில்தான் விஷயம் இருக்கிறது. மலைமேல் வேலி கிடையாது. ஆனாலும் மந்தை தன் எல்லையைத் தாண்டிப் போகாது. தாயோடு சுற்றிய குட்டி அந்த நிலத்தைப் படித்துக்கொள்ளும், பிறகு தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படி. 2001-இல் கோமாரி நோய் வந்து மந்தைகளை அழிக்க வேண்டியிருந்தபோது பண்ணைக்காரர்கள் பதறியது இதற்காகத்தான். ஆடு போனால் வேறு ஆடு வாங்கலாம். நிலம் தெரிந்த மந்தையை எங்கே வாங்குவது? குழந்தைகளுக்கு முயல் கதை எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர், இந்த ஆடுகளை வளர்ப்பதில் பிற்காலத்தைச் செலவிட்டு, 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுப்போனார். பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடு தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நல்ல மனுஷி.

ஜூன் 18, அல்ஸ்வாட்டர்

இடம் மாறினோம். புதிய பூலி பாலத்தின் வழியே வந்தோம். பழைய கல்பாலத்தை 2015 டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இது 2020-இல் திறந்த எஃகுப் பாலம். மாலையில் படகு. 1877-இல் தண்ணீரில் இறங்கிய கப்பல் இன்னும் ஓடுகிறது. ஏரி வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மலை. காற்று நின்றதும் மிட்ஜ் பூச்சி மொய்த்துவிட்டது, வலைக்கதவை மூடிக்கொண்டு சீக்கிரமே படுத்தோம். நாளை ஹாஸ்வாட்டர்.

ஜூன் 19, ஹாஸ்வாட்டர்

ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். ஆஸ்கம், பாம்ப்டன் வழியாகப் போகும் சாலை குறுகல். எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். ஏரியின் கிழக்குக் கரையோடு போய், மார்டேல் ஹெட் என்ற இடத்தில் சாலை முடிந்துவிடுகிறது. சின்ன பார்க்கிங். ஏழு மணிக்கு எங்களைத் தவிர ஒரு கார் மட்டும்.

இந்தத் தண்ணீருக்குள் மார்டேல் கிரீன் என்ற ஊர் இருக்கிறது. தேர்ல்மியர் போதவில்லை என்று மான்செஸ்டர் 1919-இல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கி, 1929-இல் அணை வேலையைத் தொடங்கியது. ஏரி மட்டம் சுமார் 95 அடி உயர்ந்தது. பண்ணைகள், ஒரு விடுதி, தேவாலயம் எல்லாம் போயின. 1935 ஆகஸ்டில் தேவாலயத்தில் கடைசி வழிபாடு நடந்தது. அப்புறம் இடித்தார்கள். இடுகாட்டைத் தோண்டி 97 பேரின் எச்சங்களை எடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் ஷாப் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்கள். மார்டேலில் முன்பு இடுகாடு கிடையாது. 1736 வரை இறந்தவர்களைக் குதிரைமேல் கட்டி, இதே மலையைத் தாண்டி, ஷாப்புக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். சரிவில் அந்தப் பாதை இன்னும் தெரிகிறது.

பெரிய வறட்சி வந்தால் ஊர் வெளியே வரும். 1976-இலும் 1995-இலும் கூட்டம் கூட்டமாக வந்து தெருவில் நடந்திருக்கிறார்கள். இன்று ஊர் தெரியவில்லை. வுட் ஹவ் என்ற மரத்தீவு மட்டும். கரையில் புல் முளைக்காத வெளிறிய பட்டை. மேலேயிருந்து வரும் கல்வேலி ஒன்று அந்தப் பட்டையைத் தாண்டி நேரே நீருக்குள் இறங்குகிறது. குனிந்து பார்த்தேன். சிமென்ட் கிடையாது, கல்மேல் கல். நடுநடுவே இரண்டு பக்கத்தையும் கட்டிப் பிடிக்கும் நீளக் கல். தண்ணீருக்கு அடியிலும் ஒரு கைநீளம் வரை வரிசை கலையாமல் தெரிந்தது.

என் அம்மாயி ஊரும் தண்ணீருக்குள்தான். மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. ஏறக்குறைய இதே வருஷங்கள். அப்போது அம்மாயிக்கு ஒன்பது வயது. பண்ணவாடிப் பக்கம் மேட்டில் வந்து குடியேறினார்கள். கோடையில் நீர் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். அந்தச் சேதி வந்தால் அம்மாயி கிளம்பிவிடும். கரையில் நின்று "அதோ, அந்த மேட்டுக்குப் பின்னால நம்ம களம்" என்று கை காட்டும். எனக்குத் தண்ணீர்தான் தெரியும்.

அவர் வீடு கும்பகோணத்துக்குப் பக்கம். மாமா இன்றும் ஜூன் 12 மேட்டூர் திறந்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் நாற்றங்காலைப் பற்றிப் பேசுவார். அவர்கள் வீட்டுச் சோறு அந்த அணையால்தான். இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்கிறோம், இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. இன்று பேசினோம்.

"அணை இல்லேன்னா டெல்டாவுல குறுவையே கிடையாதும்மா" என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை. "போனவங்க பேரை யாராவது சொல்றாங்களாங்க? திறக்குற அன்னைக்குப் பூத்தூவுறாங்க, அன்னைக்காவது சொல்லலாமே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லணும்தான்" என்றார்.

மேலே ரிகிண்டேல் பள்ளத்தாக்கில் இங்கிலாந்தின் கடைசிப் பொன்னிறக் கழுகு இருந்தது. துணை 2004-இல் போன பிறகும் ஆண்டுதோறும் கூட்டைச் சரிசெய்துகொண்டு தனியாகவே பறந்திருக்கிறது. 2015-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் பாதி தூரம் ஏறிவிட்டு இறங்கினோம். வேறெங்கும் போகப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, மான்செஸ்டர்

திரும்பும் வழியில் ஷாப். எம்6 பக்கத்திலேயே இருக்கிறது, சுற்றுவழி இல்லை. மார்டேலிலிருந்து கொண்டுவந்தவர்களைப் புதைத்த இடுகாட்டில் சிறிது நேரம் நின்றோம். மதியத்துக்குள் தொட்டிகளைக் காலி செய்து, வண்டியைக் கழுவி ஒப்படைத்தாயிற்று.

மான்செஸ்டர் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது மார்டேலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் கருத்து. டெல்டாப் பிள்ளைகளைப் பண்ணவாடிக்கும்.

மாலையில் அவர் மாமாவிடம் போனில் பேசினார். எண்பது வயதுக்கு மேல் ஆகியும் மாமா மேட்டூர் அணையை நேரில் பார்த்ததே இல்லையாம். டிசம்பரில் ஊருக்குப் போவதாக இருந்தோம், ஆனால் அப்போது பெரும்பாலும் நீர் நிறைந்திருக்கும், நந்தி தெரியாது. அதனால் லீவை மே மாதத்துக்கு மாற்றிக் கேட்கப் போகிறோம். மாமாவையும் என் அம்மாவையும் ஒரே காரில் கூட்டிப்போவதாகப் பேச்சு. வழியில் தங்க சேலத்தில் சித்தி வீடு இருக்கிறது.