கேட் வரைக்கும் மட்டும்

காலை ஏழரை ஆனால் என் மகளுக்கு வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. இதைக் கவனிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அப்போது அவளுக்கு எட்டு வயது.

வகுப்பில் பாட்டு ஒப்பிக்கும்போது வரி மறந்து நின்றிருக்கிறாள், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "அவ்வளவுதானே" என்றேன். அது முதல் தவறு. அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் "சரி, இன்னைக்கு லீவு போட்டுக்கோ" என்றது அதைவிடப் பெரிய தவறு. லீவு என்றதும் வலி நின்றுவிடும், எனக்கும் அப்பாடா என்றிருக்கும். மறுநாள் பயம் இன்னும் கூடியிருக்கும்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு உடம்பில் கோளாறு இல்லை என்றார். "அப்ப நடிக்கிறாளா?" என்று அவள் முன்னாலேயே கேட்டேன். நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. "வலி நிஜம்தான். மனசு பயந்தா வயிறும் சேர்ந்து இறுகும். அதைப் பயம்னு சொல்ல அவளுக்குத் தெரியல" என்று சொல்லி, குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

பயம் ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தானாக இறங்கும் என்றார் ஆலோசகர். அது இறங்குவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், தப்பித்து ஓடியதால்தான் பிழைத்தோம் என்று அவள் மனசில் பதிந்துவிடும். அதற்காக இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் தள்ளவும் கூடாது. படிப்படியாகத்தான் போகணும். நாள் தள்ளத் தள்ளத் திரும்பப் போவது கடினமாகும் என்பதால் அன்றைக்கே ஆரம்பித்தோம்.

நோட்டில் ஒரு ஏணி வரைந்தோம். பயத்துக்கு 0 முதல் 10 வரை மார்க். கீழ்ப்படி, சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பள்ளி கேட் வரைக்கும் போய் நிற்பது. அதற்கு 4 போட்டாள். உச்சிப்படி, வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பது. அதற்கு 10 போட்டு, பென்சில் முனை உடையும்வரை சுற்றிச் சுற்றி வட்டம் போட்டாள்.

முதல் சாயங்காலம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தபோது கம்பியில் ஈரம் தெரிந்தது.

"இப்ப எத்தனை கண்ணு?"

"ஏழு."

வீட்டுக்குப் போயிடலாமா என்ற கேள்வி என் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "பயமாத்தான் இருக்கும். அம்மா இங்கேயே நிக்கிறேன்." வேறொன்றும் பேசவில்லை. பேசாமல் நிற்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து "அஞ்சு" என்றாள். பிறகு கேட்டில் எங்கெங்கே துரு பிடித்திருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தாள்.

அடுத்தடுத்த படிகள் வேகமாக நகர்ந்தன: வகுப்பு வாசல், ஒரு பீரியட், மதியம் வரை. அவள் உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துவரும் வேலையை வகுப்பு ஆசிரியை அவளுக்குக் கொடுத்தார். கையில் ஒரு வேலை இருந்தது பெரிய உதவி.

நான்கு நாள் விடுமுறை முடிந்ததும் மறுபடி கேட்டுக்கே வந்துவிட்டோம். நான் உடைந்துபோனேன். அன்று ஆலோசகர், எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை அவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த முக்கியமான பலங்களில் ஒன்று, மாறாத அன்போடு ஒரு பெரியவராவது கூட இருந்தது. அது தாய் தகப்பனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என் மகளின் கஷ்டம் அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் மறுநாள் கேட்டருகே நிற்க எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

இப்போது முழு நாளும் போகிறாள். உச்சிப்படி மட்டும் பாக்கி. அதற்குக் கீழே புதிதாக ஒரு படி சேர்த்திருக்கிறோம்: இரண்டு பிள்ளைகள் முன்னால் மட்டும் வாசிப்பது. யார் யார் என்று அவளையே எழுதச் சொன்னேன். எழுதிய இரண்டு பெயரில் ஒன்று, அன்று முதலில் சிரித்த பெண்ணுடையது.