வசனத்தில் சொல்லாத மறுப்பு

வடபழனியில் ஒரு வாடகை வீடு. மாடிப்படி ஏறி வரும் வீட்டுக்காரர், “பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வருது சார்” என்கிறார். குடியிருப்பவர், “பையனுக்கு மார்ச்ல பன்னிரண்டாவது பரீட்சைங்க” என்கிறார். திரையில் இப்படி ஒரு காட்சி வந்தால், காலி செய்யும்படி ஒருவர் கேட்டதும் மற்றவர் மறுத்ததும் அரங்கில் எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆனால் கேட்பதற்கோ மறுப்பதற்கோ உரிய சொல் ஒன்றுகூட அங்கே இல்லை.

இத்தகைய மறைமுகப் பேச்சுச் செயல்களை அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சியர்ல் 1975-இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். எனினும், வசனத்தை அணுக எனக்கு நெருக்கமான கருவி நன்னூல்தான். பவணந்தி முனிவர் விடையை எட்டாக வகுத்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றை நேர்விடைகளாகவும், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தைக் குறிப்பால் விடை தருபவையாகவும் கொள்கிறார். ‘இது செய்வாயா?’ என்ற கேள்விக்கு ‘நீயே செய்’ என்பது ஏவல்; ‘உடம்பு வலிக்கும்’ என்பது உறுவது கூறல். இரண்டும் மறுப்பே. குடியிருப்பவர் சொன்ன பரீட்சையும் உறுவது கூறலுக்கு மிக நெருங்கியது.

இப்படிப்பட்ட வரிக்குப் பின் “அப்போ காலி பண்ண மாட்டீங்களா?” என்று விளக்கம் சேர்க்கும் வசனம் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. பார்வையாளர் தாமே உணரவேண்டியதை அது பறித்துக்கொள்வதோடு, “சும்மா சொன்னேன் சார்” என்று மரியாதை குறையாமல் பின்வாங்க வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது.